இத்தாலியப் பரோலோ வைன்: இந்தத் துவர்ப்பு பழுதின் அடையாளமா, மலையின் குணமா?

கொழுந்துமலை, நோர்வூட் – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் பதினொரு வருடங்களாக உதவி டீமேக்கராக வேலை செய்கிறேன். வாயில் வைத்த ஒன்று நாக்கில் என்ன செய்கிறது என்று கவனிப்பது எனக்குத் தொழில்வழி வந்த பழக்கம். ஆனால் வைன் பற்றி எனக்குச் சொல்லித்தர இங்கே யாருமில்லை. ஆகவே இந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.

என் அக்காவின் கணவர் வட இத்தாலியின் தூரின் நகரத்தில் முதியவர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறார். கடந்த சித்திரை விடுமுறைக்கு வந்தபோது இரண்டு போத்தல் சிவப்பு வைன் கொண்டுவந்து கொடுத்தார். லேபலில் பரோலோ என்ற பெயரோடு செர்ரலுங்கா தால்பா என்ற ஊர்ப்பெயரும், 2019 என்ற ஆண்டும், ஃபொந்தானாஃப்ரெத்தா என்ற தோட்டத்தின் பெயரும் அச்சிடப்பட்டிருக்கின்றன. கழுத்தில் இலக்கமிட்ட காகிதப் பட்டி ஒன்றும் ஒட்டப்பட்டிருக்கிறது.

மகளின் பிறந்தநாளன்று பின்னேரம் முதல் போத்தலைத் திறந்தோம். கேக், தொதல், அச்சாறு என்று மேசையில் இருந்தவற்றோடு குடித்தோம். சிவப்பு வைன் என்றால் கருஞ்சிவப்பாக இருக்கும் என்று எண்ணியிருந்த எங்களுக்கு, கிளாஸை வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கத்து விரல் தெரியும் அளவுக்கு வெளிறிய, ஓரத்தில் செங்கல் நிறம் படர்ந்த சாயம்தான் கிடைத்தது. மணத்தில் காய்ந்த ரோசாப்பூவும் புதிதாகப் போட்ட தார் ரோட்டும் சேர்ந்து வந்தன. ஒரு வாய் குடித்ததும் ஈறுகள் இறுகி, நாக்கு வறண்டு, நெடுநேரம் ஊறிய சாயத்தண்ணீரைச் சீனியில்லாமல் குடித்ததுபோல இருந்தது. வந்திருந்த பெரியவர் ஒருவர் இது பழுதாகிவிட்டது என்று சொன்னார். மற்றவர்களும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்கள். மச்சானின் முகம் வாடிப்போயிற்று. அவர் தன் உழைப்பில் வாங்கி, துணிமணிக்கு நடுவில் பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்த பொருள் அது.

அந்த வைன் உண்மையில் பழுதாகியிருந்ததா? மற்றொன்றும் கேட்க வேண்டும். மச்சான் அந்தத் தோட்டத்தின் படங்களைக் கைப்பேசியில் காட்டினார். சரிவெங்கும் வரிவரியாகக் கொடிகள், நடுவில் மஞ்சளும் சிவப்புமாகக் கோடு தீட்டிய கட்டடங்கள். அது ஒரு ராசாவின் தோட்டம் என்றும், வேலையாட்கள் தோட்டத்துக்குள்ளேயே குடியிருந்தார்கள் என்றும் சொன்னார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அதைக் கேட்டதிலிருந்து அந்த இடத்தைப் பற்றி அறிய வேண்டும் என்ற எண்ணம் விடவில்லை. இரண்டாவது போத்தல் இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதை என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

பைன்மர நிழல், நுவரெலியா – பதில்

தம்பி, அந்த வைன் பழுதாகவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் நிறம், மணம், துவர்ப்பு ஆகிய மூன்றையும் படித்தவுடனேயே அது நல்ல நிலையில் உள்ள பரோலோ என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஹோட்டல்களில் இருபத்திரண்டு வருடங்கள் வைன் பரிமாறிய அனுபவத்தில் இதைச் சொல்கிறேன். முதலில் இதை மச்சானுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

பரோலோ என்பது நெபியோலோ என்ற ஒரே இனத் திராட்சையிலிருந்து மட்டும் செய்யப்படும் வைன். வேறு திராட்சை ஒரு பிடிகூடக் கலக்கக் கூடாது என்பது சட்டம். அந்தத் திராட்சையின் தோல் மெல்லியது. அதில் நிறம் குறைவு, இருக்கும் நிறமும் சீக்கிரமே செங்கல் பக்கம் சாய்ந்துவிடும். ஆனால் தோலிலும் விதையிலும் துவர்ப்பு நிறைந்திருக்கிறது, புளிப்பும் அதிகம். நிறம் வெளிறியதென்றால் சாரமும் குறைவு என்று நினைப்பதுதான் இங்கே எல்லோரும் தவறுகிற இடம். எங்கள் நுவரெலியாத் தேயிலையின் சாயம் வெளிறியது என்பதற்காக அதை யாராவது மட்டமான தேயிலை என்பார்களா? ரோசாவும் தாரும் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. பரோலோவை வருணிப்பவர்கள் உலகெங்கும் முதலில் சொல்லும் இரண்டு மணங்கள் அவைதான். யாரும் சொல்லித்தராமல் நீங்களே அவற்றைப் பிடித்திருக்கிறீர்கள்.

துவர்ப்பு எப்படி உண்டாகிறது என்பது உங்கள் தொழிலில் இருப்பவருக்குப் புதிதல்ல. திராட்சையிலும் தேயிலையிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் உமிழ்நீரில் உள்ள புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்கின்றன. உமிழ்நீரின் வழுவழுப்புப் போனதும் வாய் காய்ந்து இறுகுகிறது. சாயத்தில் பால் ஊற்றினால் அந்தப் பிடி தளர்வதற்குக் காரணம், பாலின் புரதம் உமிழ்நீருக்கு முன்பாகவே துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதுதான். ஆகவேதான் இத்தாலியில் இந்த வைனை இறைச்சியோடும் பாற்கட்டியோடும் குடிக்கிறார்கள். நீங்கள் கேக்கோடும் அச்சாறோடும் குடித்திருக்கிறீர்கள். இனிப்பு உண்ட வாய்க்கு இனிப்பில்லாத எந்த வைனும் புளித்துக் கசக்கும். மிளகாயின் எரிவு துவர்ப்பை இன்னும் கூர்மையாக்கும். அன்று தவறியது வைன் அல்ல, பக்கத்தில் இருந்த பண்டம்.

இனி லேபல். பியேமொந்தே என்ற மாநிலத்தின் தெற்கே, ஆல்பா நகரைச் சுற்றியிருக்கும் குன்றுகளுக்கு லாங்கே என்று பெயர். பியேமொந்தே என்ற சொல்லுக்கே மலையடி என்றுதான் பொருள். அங்கே பரோலோ என்ற பெயரை இடுவதற்கு 11 ஊர்களுக்கு மட்டுமே உரிமை உண்டு, அவற்றில் ஒன்று செர்ரலுங்கா தால்பா. 1966 இல் இந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. 1980 இல் இத்தாலிய வைன் சட்டத்தின் மிக உயர்ந்த வகுப்புக்கு ஏற்றப்பட்டது. கழுத்திலுள்ள இலக்கமிட்ட பட்டி அந்த வகுப்புக்குரிய அரசாங்கச் சான்று. அறுவடை ஆண்டின் நவம்பர் 1 ஆம் திகதியிலிருந்து எண்ணி 38 மாதங்கள், அதில் 18 மாதங்களாவது மரப் பீப்பாயில், வைன் முதிர்ந்திருக்க வேண்டும். உங்கள் 2019 ஆம் ஆண்டுப் போத்தல் 2023 ஜனவரிக்கு முன்னால் கடைக்கு வந்திருக்கவே முடியாது. ரிசெர்வா என்று எழுதியிருந்தால் 62 மாதங்கள்.

ஊருக்கு ஊர் குணமும் மாறுகிறது. மேற்குப் பக்கத்து லா மொர்ரா ஊரின் வைன் மென்மையானது, இளமையிலேயே மணம் விரியும். உங்கள் போத்தல் வந்த செர்ரலுங்கா கிழக்கு மேட்டில் இருக்கிறது. அங்கே சுண்ணாம்புக் களியோடு மணற்கல்லும் சேர்ந்த பழைய மண். அந்த வைன் இறுக்கமானது, பொறுமையாகத் தளரும். இரண்டாவது போத்தல் இன்னும் பத்து வருடங்கள் தாங்கும். வைன் வைக்க 12 முதல் 15 பாகை வரையான குளிர் உகந்தது என்பார்கள். கொழும்பில் அதற்கு மின்பெட்டி வேண்டும், எங்கள் நுவரெலியாவிலோ ஆண்டின் சராசரி வெப்பமே ஏறக்குறைய 16 பாகைதான். நோர்வூட் சற்றுச் சூடு கூடியது என்றாலும், வீட்டில் வெயில் படாத அறையில், அடுப்பங்கரைச் சுவரிலிருந்து விலகி, தக்கை நனைந்திருக்கும்படி படுக்கவைத்தால் சில வருடங்களுக்கு அஞ்ச வேண்டியதில்லை. இப்போதே குடிப்பதானால் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே வாயகன்ற கண்ணாடிச் சாடியில் ஊற்றிக் காற்றுப்பட விடுங்கள். கொழுத்த இறைச்சிக் கறியாக இருக்கட்டும், உறைப்பைக் குறையுங்கள்.

கங்காணியின் பேத்தி, பதுளை – பதில்

பாடசாலையில் வரலாறு கற்பிக்கிறேன். வைனின் ருசியைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அந்தத் தோட்டத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

மச்சான் சொன்னது சரியானதே. ஃபொந்தானாஃப்ரெத்தா என்றால் குளிர்ந்த ஊற்று என்று பொருள். 1858 இல், அப்போது சார்தினிய இராச்சியத்தின் மன்னராயிருந்த இரண்டாம் விக்தோரியோ எமானுவேலே இந்த நிலத்தை வாங்கினார். மூன்று வருடங்களின் பின்னர் 1861 இல் ஒன்றுபட்ட இத்தாலியின் முதல் மன்னரானவரும் அவர்தான். படையில் முரசு அடித்த ஒரு வீரரின் மகளான ரோசா வெர்செல்லானா என்ற பெண்மேல் அவருக்கு நெடுங்காலக் காதல் இருந்தது. அவளுக்கு மீராஃபியோரி, ஃபொந்தானாஃப்ரெத்தா ஆகிய இடங்களின் சீமாட்டி என்ற பட்டமும் வழங்கினார். ஊர்மக்கள் அவளை அழகி ரோசின் என்று அழைத்தார்கள். 1869 இல் மணந்துகொண்டாலும் அவள் அரசியாக ஏற்கப்படவில்லை. அவர்களுடைய மகன் எமானுவேலே ஆல்பெர்த்தோ 1878 இல் இங்கே வைன் தொழிலைத் தொடங்கினார். தொழிலாளர்களுக்கான வீடுகளோடு தோட்டமே ஒரு சிற்றூரானது. படத்தில் கண்ட மஞ்சள் சிவப்புக் கோடுகள் அந்த அரச காலத்து அடையாளம்.

அந்தச் செழிப்பு நிலைக்கவில்லை. பைலொக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி கொடிகளைத் தின்றது. 1929 இன் பொருளாதார நெருக்கடி மிச்சத்தை முடித்தது. 1930களின் தொடக்கத்தில் தோட்டம் சியேனா நகரத்துப் பழம்பெரும் வங்கி ஒன்றின் கைக்குப் போய், 2008 வரை அங்கேயே இருந்து, பிறகு தனியார் கைக்கு மாறியது. இதைப் படிக்கும்போது நமது மலையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஐரோப்பாவின் கொடிகளை அந்தப் பூச்சி அரிக்கத் தொடங்கிய அதே பத்தாண்டில், 1869 இல், இலைத்துரு நோய் இங்கே கோப்பித் தோட்டங்களில் தென்பட்டது. அவர்கள் அமெரிக்கக் கொடியின் வேரில் தங்கள் கொடியை ஒட்டி அதே திராட்சையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். இங்கே கோப்பி அழிந்து தேயிலை வந்தது. கோப்பிக்காகக் காடுவழி நடந்து வந்து இறந்தவர்கள் போக எஞ்சியிருந்த நம் முன்னோர் தேயிலைக்கு மாற்றப்பட்டார்கள்.

ஆனால் தம்பி, படத்தைப் பார்த்து லாங்கே முழுவதும் நமது பெருந்தோட்டங்களைப் போன்றது என்று எண்ணிவிடக் கூடாது. நூறு ஹெக்டேயருக்கு மேல் ஒரே வளாகமாக உள்ள ஃபொந்தானாஃப்ரெத்தா அங்கே விதிவிலக்கு. மற்றக் குன்றுகளில் பெரும்பாலும் சில ஹெக்டேயர் நிலமுள்ள குடும்பங்கள்தான் இருக்கின்றன, அவர்களும் நெடுங்காலம் வறுமையில் கிடந்தவர்கள். அறுவடைக் காலத்தில் திராட்சையை வண்டியில் ஏற்றி ஆல்பாச் சந்தைத் திடலுக்குக் கொண்டுபோய், அழுகும் பொருளைத் திருப்பிக் கொண்டுபோக முடியாமல், வியாபாரி சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இளைஞர்கள் தூரின் கார்த் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். 1958 இல் கஸ்திலியோனே ஃபல்லெத்தோ ஊரின் தலைவராகவும் பாடசாலை ஆசிரியராகவும் இருந்த அர்னால்தோ ரிவேரா என்பவர் சிறு விவசாயிகளைச் சேர்த்து ஒரு கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். திராட்சையைத் தாங்களே வைனாக்கி விற்கலாம் என்ற நிலை பலருக்கு அப்போதுதான் வந்தது. அவர் ஓர் ஆசிரியர் என்பது எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி. இன்று அதே குன்றுகளின் நல்ல சரிவில் ஒரு ஹெக்டேயர் பத்து இலட்சம் யூரோவுக்கு மேல் விலைபோகிறது. 2014 இல் யுனெஸ்கோ அந்தக் கொடித்தோட்ட நிலவெளியை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. சந்தைத் திடலில் கைகட்டி நின்றவனின் பேரன் அந்த நிலத்துக்கு இன்னும் உரிமையாளனாக இருக்கிறான். வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் காணி கேட்டு இன்னும் மனுக்கொடுத்துக்கொண்டிருக்கும் நமக்கு, கவனிக்க வேண்டிய வேறுபாடு இதுதான்.

அங்கும் எல்லாம் நிறைவாக இல்லை. கவ்வாத்துக்கும் அறுவடைக்கும் இப்போது வட மசிடோனியாவிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். இடைத்தரகர் ஒருவர் ஆட்களைத் திரட்டிக் கொடுத்து அவர்களுடைய கூலியில் பங்கு பிடிக்கும் முறைக்கு இத்தாலியில் கப்போராலாத்தோ என்று பெயர். 2016 ஆம் ஆண்டின் 199 ஆம் இலக்கச் சட்டம் அதைக் கடும் குற்றமாக்கி, ஆளமர்த்தும் முதலாளியையும் பொறுப்பாளியாக்கியது. அந்தச் சொல்லை நமது தமிழில் எழுத வேண்டுமென்றால் கங்காணி முறை என்றுதான் எழுத வேண்டும். என் பாட்டனார் கங்காணியாக இருந்தவர். தலைக்காசு வாங்கிய கதையை அவர் தாமே என் அப்பாவிடம் சொல்லி வருந்தியிருக்கிறார். ஆகவே இதை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

வெலிமடைத் தோட்டக்காரன் – பதில்

கோவா, உருளைக்கிழங்கு, கரட் போடுகிற விவசாயி நான். அவர்களுடைய குன்றைவிட எங்கள் மலை உயரம், குளிரும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் திராட்சை காய்க்கிறது. அப்படியானால் இந்த நெபியோலோவை எங்கள் ஊவா மாகாணத்தில் ஏன் நடக்கூடாது? தெரிந்தவர்கள் விளக்க வேண்டும்.

மட்டக்கம்பு, பண்டாரவளை – பதில்

வெலிமடைத் தம்பியின் கேள்விக்கு, முப்பத்தாறு வருடங்கள் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

குளிர் இருப்பது போதாது, குளிர்காலம் வேண்டும். ஆல்பா ஏறத்தாழ 44 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது, நாம் 7 பாகையில் இருக்கிறோம். அங்கே பனிக்காலத்தில் கொடி இலையை முழுவதும் கொட்டி உறங்குகிறது. அந்த உறக்கத்தில்தான் கவ்வாத்து வெட்டுகிறார்கள், அந்த உறக்கத்திலிருந்து விழித்தால்தான் எல்லா மொட்டும் ஒருசேர வெடிக்கும். இங்கே கொடி உறங்காது. ஒரு கிளையில் பூ, மறு கிளையில் காய் என்று ஆகிவிடும். யாழ்ப்பாணத்தில் கையால் கவ்வாத்து வெட்டிப் போலி உறக்கம் கொடுத்துத்தான் காய்க்கவைக்கிறார்கள், அதுவும் தின்னும் பழம். நெபியோலோவோ சீக்கிரம் துளிர்த்து மிகத் தாமதமாகப் பழுக்கும் இனம். வழக்கமாக ஒக்டோபர் மாதம்தான் அறுவடை. அதன் பெயர் மூடுபனியைக் குறிக்கும் நெபியா என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்லும் வழக்கும் உண்டு, ஏனெனில் இலையுதிர்காலத்து மூடுபனி இறங்கும்வரை பழம் கொடியிலேயே நிற்கும். ஒக்டோபரில் ஊவாவில் நமக்கு இடைப்பருவ மழை கொட்டும். அந்த ஈரத்தில் மெல்லிய தோல் பழம் பூஞ்சணம் பிடித்து அழுகிவிடும்.

மண்ணைப் பற்றி நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இதுதான் எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது. லாங்கேக் குன்றுகள் ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு. அதில் சுண்ணாம்பு நிறைந்திருக்கிறது. நெபியோலோ அதைத்தான் விரும்புகிறது. நமது மலை பல கோடி ஆண்டுகள் பழமையான பாறை உக்கி உண்டான புளித்த மண். பீ.எச். 4.5 இலிருந்து 5.5 வரை இருந்தால் தேயிலைக்கு மகிழ்ச்சி. சுண்ணாம்பு மண்ணில் தேயிலைத் தூர் மஞ்சளாகிச் செத்துப்போகும். அவர்களுடைய மலையில் நமது செடியும், நமது மலையில் அவர்களுடைய கொடியும் வாழாது.

ஆனால் மலையைப் பார்க்கும் கண் இருவருக்கும் ஒன்றே. அவர்களும் வரிகளைச் சரிவுக்குக் குறுக்கே, சமவுயரக் கோட்டில்தான் நடுகிறார்கள். தெற்கு நோக்கிய, வெயில் நின்று விழும் சரிவை அந்த வட்டாரத்து மொழியில் சொரி என்பார்கள்; பனிக்காலம் முடியும்போது எந்தச் சரிவில் முதலில் பனி உருகுகிறதோ அங்கேதான் நெபியோலோவை வைப்பது பழைய வழக்கம். அதற்குக் குறைந்த இடத்தில் பார்பேரா, தொல்செத்தோ என்ற வேறு திராட்சைகள், நிழல் பக்கத்தில் ஹேசல் கொட்டை மரங்கள். பரோலோக் கொடி கடல்மட்டத்திலிருந்து 170 இலிருந்து 540 மீற்றர் வரைக்குள்தான் நிற்க வேண்டும். ஹெக்டேயருக்கு 8 தொன்னுக்கு மேல் திராட்சை எடுக்கக் கூடாது. கவ்வாத்தில் ஒரு நுட்பம் உண்டு. நெபியோலோவின் கிளையில் அடியிலுள்ள மொட்டுகள் காய்க்காது, ஆகவே ஒவ்வொரு வருடமும் நீளமான ஒரு புதுக் கொம்பை விட்டு மற்றவற்றை வெட்டிவிடுகிறார்கள். மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை கவ்வாத்துக் கத்தி எடுக்கும் நமக்கு அது பெரிய வேலைதான்.

டீச்சர் எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். நிலவுரிமையைப் போலவே பெயரும் முக்கியம். 2010 இல் பரோலோ வட்டாரத்தை அளந்து, 181 பெயர்களை எல்லை வகுத்துப் பதிந்தார்கள். 11 ஊர்ப்பெயர்களும், 170 சரிவுகளின் பெயர்களும். போத்தல் எந்த நாட்டுக்குப் போனாலும் ஊரின் பெயரையோ சரிவின் பெயரையோ அதன்மேல் இடலாம். நமது தேயிலைக்கும் பெயர் இல்லாமல் இல்லை. 1883 இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் இன்றுவரை ஒவ்வொரு தோட்டத்துத் தேயிலையும் தன் தோட்ட முத்திரையான மார்க்கின் பெயரிலேயே விலைபோகிறது. ஏலத்தைத் தாண்டிப் பல தோட்டத்துத் தூள்கள் ஒன்றாகக் கலக்கப்படும்போது அந்தப் பெயர் மறைந்துவிடுகிறது. ஆடி ஆவணியில் காய்ந்த காற்று அடிக்கும்போது ஊவாத் தேயிலையில் ஒரு மணம் ஏறும். அந்த ஆறேழு வாரங்களுக்காக நாங்கள் வருடம் முழுக்கக் காத்திருப்போம். அந்த மணம் எந்த மலையில் எந்த முகத்தில் ஏறியது என்று கொழுந்து எடுத்த பெண்ணுக்குத் தெரியும், டீமேக்கருக்குத் தெரியும், குடிப்பவருக்குத் தெரிவதில்லை. அதுவே என் மனக்குறை.

ரோதைச் சத்தம், ஹட்டன் – பதில்

சுருக்கமாக ஒன்று. 1980களில் பரோலோக்காரர்களுக்கு இடையில் பெரும் பிணக்கு ஒன்று நடந்தது. பழைய வழியில் தோலோடு ஒரு மாதத்துக்கும் மேல் ஊறவிட்டு, பெரிய பீப்பாய்களில் வருடக்கணக்கில் வைத்தால் வைன் இளமையில் மிகக் கடுமையாக இருக்கும். இளையவர்கள் ஊறும் காலத்தைச் சில நாட்களாகக் குறைத்து, 225 லீற்றர் கொள்ளும் சிறிய புதுப் பீப்பாய்களைப் பிரான்சிலிருந்து கொண்டுவந்தார்கள். லா மொர்ராவைச் சேர்ந்த எலியோ அல்தாரே 1983 இல் தன் தந்தையின் பழைய பீப்பாய்களைச் சங்கிலி வாளால் அறுத்தே போட்டார். தந்தை அவரைச் சொத்திலிருந்து விலக்கிவிட்டார். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சீ.டீ.சீ. இயந்திரத்தை ஆதரித்தவர்களுக்கும், இலையை உருட்டித் திரிக்கும் பழைய ஓர்த்தொடொக்ஸ் முறையை விடாதவர்களுக்கும் நடுவில் எங்கள் தொழிற்சாலையில் நடந்த வாக்குவாதங்களை இது எனக்கு நினைவூட்டியது. இப்போது இரு தரப்பும் நெருங்கி வந்துவிட்டன. பெரிய பீப்பாய்க்குத் திரும்பியவர்களே அதிகம், பழைய வழிக்காரர்களும் தூய்மையிலும் வெப்பக் கட்டுப்பாட்டிலும் கவனம் கூட்டிக்கொண்டார்கள். என் மனம் பழைய வழியின் பக்கம்தான். பொறுத்திருந்து கிடைக்கும் மணத்துக்குக் குறுக்குவழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரு திருத்தமும் வேண்டும். நாம் தொழிற்சாலையில் நொதித்தல் என்று சொல்வது உண்மையில் இலை காற்றோடு சேர்ந்து நிறம் மாறுவது. வைனில் நடப்பதோ மெய்யான நொதித்தல். ஈஸ்ட் சீனியை மதுவாக்குகிறது. சொல் ஒன்றாக இருப்பதால் குழம்பிவிட வேண்டாம்.

கொழுந்துமலை, நோர்வூட் – கேட்டவரின் பதில்

பைன்மர நிழல் அண்ணன், டீச்சர், மட்டக்கம்பு ஐயா, ரோதைச் சத்தம் அண்ணன், எல்லோருக்கும் நன்றி. அன்றிரவே மச்சானுக்கு அழைப்பெடுத்து, உங்கள் பதில்களை வாசித்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி ஆல்பாவுக்குப் போய் அந்தத் தோட்டத்தை மறுபடியும் பார்க்கப்போவதாகச் சொன்னார்.

இரண்டாவது போத்தலைப் பத்து வருடங்கள் வைத்திருக்க எண்ணியிருந்தேன். ஆனால் ஆச்சிக்கு எண்பத்து நான்கு வயது. நாற்பது வருடங்கள் கொழுந்து எடுத்தவர். அவருடைய வாய்க்கு எட்டாமல் அது அலமாரியில் கிடப்பதில் எனக்கு விருப்பமில்லை. ஆகவே நேற்று, தீபாவளிக்கு மறுநாள், மிளகாய் குறைத்து மிளகு கூட்டி வைத்த ஆட்டிறைச்சிக் கறியோடு பரிமாறினேன். மூன்று மணிக்கே சாடியில் ஊற்றி வைத்து, ஐந்து மணிக்கு எல்லோருக்கும் அரைக் கிளாஸ் அளவில் கொடுத்தேன். அதே வைன்தானா என்று எனக்கே ஐயம் வந்தது. தார் மணம் பின்னுக்குப் போய் ரோசா முன்னுக்கு வந்திருந்தது. இறைச்சி ஒரு துண்டு தின்று குடித்தபோது அந்தத் துவர்ப்பு வாயைக் கழுவி அடுத்த துண்டுக்குத் தயாராக்கியது. முன்பு கிளாஸைக் கீழே வைத்த அதே பெரியவர் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.

ஆச்சி கிளாஸை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, சாயத்தைப் பார்த்து, ஒரு வாய் குடித்துவிட்டு, இது எந்த மலை என்று கேட்டார். கிழக்குப் பக்கத்து மேடு, செர்ரலுங்கா என்று சொன்னேன். வெயில் விழுகிற மலையா என்று மறுபடியும் கேட்டார். போத்தலைக் கழுவி, லேபல் நனையாமல் துடைத்து, சாமி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். மச்சான் வரும்போது காட்ட வேண்டுமாம்.